சித்ராவுக்குப் பிறகு, செல்வராணிக்கு முன்

மாடியில் குடியிருக்கும் திவ்யாவுக்கு வாடிப்பட்டிக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. போன வாரம் ஒரு கிண்ணம் தயிர் கேட்டு வந்தவள், தயிரை மறந்துவிட்டு செல்போனைத் திட்டத் தொடங்கினாள். வருகைப்பதிவை இப்போது போனில்தான் போட வேண்டுமாம். வகுப்பறைக்குள் சிக்னல் கிடைக்காது. வேப்பமரத்தடியில் போய் நின்று கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அனுப்ப வேண்டுமாம். அப்படியென்றால் பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதே கிடையாதா என்று கேட்டேன்.

“எதுக்குக்கா? எல்லா மூஞ்சியும் தெரியுமே. பாத்துப் பாத்து டிக் போட்டு விட்ருவேன்.”

சாதாரணமாகத்தான் சொன்னாள். தயிரை வாங்கிக்கொண்டு படியேறியும் போய்விட்டாள். நான்தான் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். ஏன் என்று சொல்வதானால் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவைப் பற்றிச் சொன்னால் செல்வராணியைப் பற்றியும் சொல்லித் தொலைக்க வேண்டும். நீங்கள் அவசரமாக எங்கும் போகவில்லையே?

அம்மா மதுரையில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் முப்பத்து நான்கு வருஷம் கணக்கு டீச்சர். அப்போது எங்கள் வீடு திருமங்கலத்தில். காலை எட்டு மணி பஸ்ஸில் நானும் அம்மாவும் சேர்ந்துதான் ஏறுவோம். ஆனால் அவள் முன் சீட்டில் மற்ற டீச்சர்களோடு உட்காருவாள், நான் பின்னால் மற்ற பிள்ளைகளோடு நின்றுகொண்டு வருவேன். பள்ளி கேட்டைத் தாண்டினால் அவள் எனக்கு டீச்சர். அது அவள் போட்ட சட்டம். டீச்சர் மகளுக்குச் சலுகை என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வந்துவிடக் கூடாது என்பதற்காக, எனக்கு நியாயமாகச் சேர வேண்டியதிலும் கொஞ்சம் கழித்துவிடுவாள்.

எட்டாம் வகுப்பில் அவளிடமே போய் மாட்டினேன். முதல் வாரத்திலேயே நாக்குத் தவறி, “அம்மா, நோட்டை மறந்துட்டேன்” என்று எழுந்து நின்றேன். வகுப்பு கொல்லென்று சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை.

“இங்க உங்க அம்மா யாரும் இல்ல. உக்காரு.”

அந்த நோட்டை அன்று காலையில் என் பையிலிருந்து எடுத்து, அட்டை போட்டுவிட்டு, சாப்பாட்டு மேசையிலேயே வைத்தது அவள்தான். அதைச் சொல்லலாமா கூடாதா என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்தேன். இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை.

வருகைப்பதிவு எடுப்பது அம்மாவுக்கு ஜெபம் மாதிரி. ஒன்பதேகாலுக்குத் தொடங்குவாள். நீளமான நோட்டு, சிவப்பு மைப் பேனா. மற்ற வகுப்புகளில் நம்பரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். நம்பர் சொல்ல இது என்ன ஜெயிலா என்பாள் அம்மா. பெயர்தான். அமலி, அன்னக்கிளி, உமா, எஸ்தர், கலைவாணி, கிரேஸ், கோமதி, சகாயமேரி, சாந்தி, சித்ரா. ஒவ்வொருத்தியும் எழுந்து “உள்ளேன் டீச்சர்” சொல்லி உட்காருவாள். சித்ராவுக்கு அடுத்த பெயர் என்னுடையது. அது வராது. அடுத்து, செல்வராணி. முப்பத்தெட்டுப் பேர் வகுப்பில் முப்பத்தேழு பேரைத்தான் கூப்பிடுவாள். என் பெயர் ஒன்றும் மோசமான பெயரில்லை, அவளே தேடி வைத்ததுதான். வீட்டில் வைத்துக் கேட்டேன், என்னை மட்டும் ஏன் கூப்பிடுவதில்லை என்று.

“நீ வந்தது எனக்குத் தெரியாதா? தெரிஞ்சதை எதுக்குக் கேக்கணும்?”

கணக்கு டீச்சரிடம் இதற்கு மேல் வழக்காட முடியாது. ஆனால் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள். எல்லோரும் எழுந்து உட்காருகிறார்கள், நான் மட்டும் உட்கார்ந்தபடியே இருக்கிறேன். சித்ரா பெயர் வந்ததும் நான் தலையைக் குனிந்துகொள்வேன். பெஞ்சில் யாரோ காம்பஸால் கீறிய ஒரு மீன் இருந்தது, அதை விரலால் தடவிக்கொண்டிருப்பேன். செல்வராணி உட்காரும் சத்தம் கேட்ட பிறகுதான் நிமிர்வேன்.

செல்வராணி கப்பலூரில் ஏறுவாள். தாயில்லாத பிள்ளை. அப்பா ஏதோ ஒரு கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர். பரட்டைத் தலையோடுதான் வருவாள். முதல் இன்டர்வெல் பெல் அடித்ததும் அம்மா அவளைக் கூப்பிட்டு, தன் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்காரவைத்து, தலை வாரி, இரட்டைச் சடை பின்னி, நீல ரிப்பனை மடித்துக் கட்டிவிடுவாள். நான் கடைசி பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்குச் சடை பின்னுவது யார் தெரியுமா? அப்பா. அம்மா அடுப்படியில் இரண்டு டிபன் டப்பாக்களை அடைத்துக்கொண்டிருப்பாள், நேரமிருக்காது. மின்சார வாரியத்தில் கணக்கெழுதுகிறவருக்குச் சடை எப்படி வரும்? ஒன்று மேலே இருக்கும், ஒன்று கீழே இருக்கும். ஒன்று அவளுக்கு, இன்னொன்று எனக்கு என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் என்னுடையது அதற்கு முன்பே என் பைக்குள் போயிருக்கும். அந்த இரண்டாவது, செல்வராணிக்கு. முட்டை அவித்த நாளில் என் டப்பாவிலும் அவளுடையதிலும் பாதிப் பாதி. நான் திறந்து பார்த்து ஒப்பிட்டிருக்கிறேன். மஞ்சள் கரு அவள் பக்கம்தான் கூடுதலாக இருக்கும்.

செல்வராணி வீட்டில் தலைக்கு விளக்கெண்ணெய்தான் தேய்ப்பார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சட்டமெல்லாம் முடிந்து, மறுபடி என் அம்மாவாகி, அவள் என் கன்னத்தைப் பிடிக்கும்போது கையில் விளக்கெண்ணெய் வாசம் அடிக்கும். எனக்கு உடம்பெல்லாம் எரியும். தாயில்லாத பிள்ளை மேல் பொறாமைப்படுகிறாயே என்று நீங்கள் நினைப்பது கேட்கிறது. அந்த வயதிலேயே நானும் அதை நினைத்துவிட்டேன். நினைத்தால் மட்டும் பொறாமை போய்விடுமா என்ன? இன்றைக்கும் மருந்துக் கடையில் விளக்கெண்ணெய் பாட்டிலைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

அப்பா போன பிறகு அம்மாவை மதுரைக்கு எங்களோடு அழைத்து வந்துவிட்டோம். முதலில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ரிட்டயராகி எத்தனையோ வருஷமாகியும் சிவப்புப் பேனாவை அவள் விடவில்லை. கல்யாணப் பத்திரிகை வந்தால் பிழை திருத்துவாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கொடுக்கிற ஆராதனைத் தாளைத் திருத்தி, வெளியே வரும்போது பாதிரியார் கையிலேயே கொடுத்துவிடுவாள். அவரும் பாவம், நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொள்வார். ஒரு ஞாயிறு அவள் மடித்து வைத்த தாளைப் பிரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு டிக். பாட்டு எண்ணுக்கு டிக், காணிக்கைக்கு டிக், மரண அறிவிப்புக்கும் டிக். வயதாக ஆக அம்மா கனிந்துவிட்டாள் என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்தேன். அதுதான் முதல் அடையாளம் என்பது அப்போது தெரியவில்லை.

பிறகு ஒருநாள் காலை ஏழரை மணிக்கே புடவைக்குப் பின் குத்தி, கைப்பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். பஸ் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டாள். டாக்டர் ஸ்கேன் படங்களையெல்லாம் பார்த்துவிட்டு, புதிய ஞாபகங்கள்தான் முதலில் போகும், பழையவை கடைசி வரை நிற்கும் என்றார். நான் பழையதா, புதியதா? ஐம்பது வருஷத்துக்கு மேல் கூடவே இருக்கிறேன், பழையது என்றுதானே சொல்ல வேண்டும். தினமும் எதிரில் வந்து நிற்கிறேன், அப்படியானால் புதியதும்தான். இதை டாக்டரிடம் கேட்க வெட்கமாக இருந்தது.

மூன்று மாதத்தில் பதில் தெரிந்துவிட்டது. “அம்மா” என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். இங்கே யாருக்கு அம்மா என்பது மாதிரி இருப்பாள். ஒருநாள் அலுத்துப்போய் “டீச்சர்” என்றேன். உடனே திரும்பி, “என்னம்மா?” என்றாள். அன்றிலிருந்து என் வீட்டு அடுப்படியில், என் படுக்கையறையில், பாத்ரூமில் வழுக்காமல் கையைப் பிடித்து நடத்தும்போது, எல்லா இடத்திலும் அவள் எனக்கு டீச்சர்தான். கேட்டைத் தாண்டினால்தான் சட்டம் என்றிருந்தது போய், அந்த கேட் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. என்னை அவள் ஆயாம்மா என்பாள். சில நாள் “நீ யாரு வீட்டுப் பிள்ளை?” என்பாள். உங்க வீட்டுப் பிள்ளைதான் டீச்சர் என்றால் மரியாதையாகச் சிரிப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் வருகைப்பதிவு தொடங்கியது. ஒன்பதேகாலுக்கு ஜன்னலோரம் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவாள். பழைய டைரி ஒன்றை மடியில் விரித்துக்கொள்வாள். அமலி, அன்னக்கிளி, உமா, எஸ்தர். அத்தனை வருஷத்தில் எத்தனையோ வகுப்புகள் அவளைத் தாண்டிப் போயிருக்கின்றன. அவற்றில் எங்கள் எட்டாம் வகுப்புதான் அவளுக்குள் தங்கியிருந்தது. அடுப்படியில் தோசை திருப்பிக்கொண்டே கேட்பேன். சாந்தி, சித்ரா. கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். கொஞ்சம் மூச்சு வாங்கினாள். செல்வராணி.

ஞாபகம் கழன்று வருகிற காலத்திலாவது சட்டமும் கழன்றுவிடும் என்று எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது. தோசை கருகிவிட்டது.

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று யார் மூலமோ கேள்விப்பட்டு ஒரு சனிக்கிழமை செல்வராணி வந்து நின்றாள். கப்பலூரிலேயே ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவுக்கு சூப்பர்வைசர். ஸ்கூட்டரில் வந்திருந்தாள், தலை பாதி நரைத்திருந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் பார்க்காதவளை அம்மாவுக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தேன். கொஞ்சம் சந்தோஷமாகவே நினைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அம்மா அவளைப் பார்த்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு வந்தது.

“வாடி செல்வராணி. சாப்டியா?”

செல்வராணி தரையில் உட்கார்ந்து, அம்மாவின் முழங்காலில் தலையை வைத்து அழுதாள். அம்மா அவள் முடியைக் கோதி இரண்டாகப் பிரித்தாள். நான் காபி போடுவதாகச் சொல்லிவிட்டு உள்ளே போய், குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தாள். சும்மாவும் வர மாட்டாள். அம்மாவுக்குப் பிடிக்குமென்று இடியாப்பம், தேங்காய்ப்பால். வாரம் முழுக்க நான் ஊட்டினால் வாயை மூடிக்கொள்கிறவள், அவள் கையால் மூன்று இடியாப்பம் சாப்பிடுவாள். குளிப்பாட்டுகிறவள் நான், துணி மாற்றுகிறவள் நான், ஆபீஸில் பாதிச் சம்பள லீவு போட்டிருக்கிறவள் நான். பெயர் மட்டும் அவளுக்கு. ஒரு வெள்ளிக்கிழமை அவளுக்குப் போன் செய்தேன். டாக்டர் யாரையும் பார்க்க வேண்டாமென்று சொல்லிவிட்டார் என்றேன். மூன்று வாரத்துக்குச் சொன்னேன். வாய் கூசாமல் பொய் வந்தது. அவள் நம்பினாள்.

அந்த மூன்று வாரத்தில் இன்னொன்றும் செய்தேன். ஒரு காலை அம்மா “செல்வராணி” என்று கூப்பிட்டபோது நான் அடுப்படியிலிருந்து வந்து, எழுந்து நிற்கிற பிள்ளை மாதிரி நின்று, “உள்ளேன் டீச்சர்” என்றேன். என்ன ஆசையில் செய்தேன் என்று எனக்கே தெரியாது. அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

“யாருக்கு யாருடி பதில் சொல்றது? அவ இன்னும் வரல.”

டைரியில் விரலால் ஒரு சுழி போட்டாள், ஆப்சென்ட். அன்று மத்தியானமும் ராத்திரியும் சாப்பிடவில்லை. செல்வராணி சாப்பிட்டாளா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாளும் அதே கதை. ஆள் வாடி நாற்காலியில் சரிந்ததைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. செல்வராணிக்குப் போன் செய்து, டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன், நீ வா என்றேன். “வாரேன்” என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை.

அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கெல்லாம் வந்துவிட்டாள். அம்மா சாப்பிட்டாள். ஒன்பதேகாலுக்கு டைரியை விரித்தாள். செல்வராணி தரையில், நான் அடுப்படிக் கதவோரம். அன்னக்கிளியும் உமாவும் எஸ்தரும் வந்து போனார்கள். செல்வராணி தன் முறைக்கு “உள்ளேன் டீச்சர்” சொன்னாள். முழுவதும் முடிந்ததும் அடுப்படிக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள். நான் ஏன் அப்படிப் பொய் சொன்னேன் என்று கேட்கப்போகிறாள் என நினைத்து, நானே முந்திக்கொண்டேன். உன் பெயரெல்லாம் ஞாபகம் இருக்கிறது, என் பெயரை மட்டும் அன்றைக்கும் கூப்பிடவில்லை, இன்றைக்கும் கூப்பிடவில்லை என்றேன்.

“ஏ பிள்ள, உம் பேரு வர்ற எடத்துல டீச்சர் நிப்பாட்டுவாகல்ல, அது உனக்குத் தெரியாதா?”

மூச்சு வாங்குகிறாள் என்றேன்.

“மூச்சு எங்குட்டு வாங்குறாக. நிப்பாட்டி, நிமிந்து உன்னையப் பாப்பாக. பாத்துட்டுத்தான் டிக் போடுவாக. நீதான் குனிஞ்சே கெடப்பியே. அடுத்த பேரு என் பேருல்ல, எந்திரிக்க ரெடியா நான் அவுக மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருப்பேன். எங்க யாரையும் அப்படிப் பாத்ததில்ல. எனக்கு அம்புட்டுப் பொறாமையா இருக்கும் உன் மேல.”

அவள் போய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கினாள். என் வாழ்க்கையில் பாதியை யார் மேல் வயிறெரிந்து செலவழித்தேனோ அவள் என் மேல் வயிறெரிந்துகொண்டிருந்திருக்கிறாள். இதற்குச் சிரிப்பதா, அழுவதா?

மறுநாள் காலை அடுப்பை அணைத்துவிட்டு அம்மாவுக்கு எதிரே தரையில் போய் உட்கார்ந்தேன். சாந்தி. சித்ரா. நான் இந்த முறை குனியவில்லை. அம்மா நிறுத்தினாள். டைரியிலிருந்து தலையைத் தூக்கி, அறையைத் தாண்டி, கடைசி பெஞ்ச் இருக்கிற தூரத்தைப் பார்த்தாள். நான் உட்கார்ந்திருந்த இடத்தை அல்ல. அங்கே தேடினாள், கண்டுபிடித்தாள், கண்ணோரம் ஒரு நொடி சுருங்கியது. விரல் டைரியில் ஒரு டிக் போட்டது. பிறகுதான் செல்வராணி. நான் எழுந்து பின்சுவரை ஒட்டி, அவள் பார்த்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். மறுநாளிலிருந்து அதுதான் என் இடம். அந்த வருஷ மழைக்காலம் முழுக்க, நாளுக்கு ஒரு தடவை, என் அம்மா என்னைப் பார்த்தாள். அந்தக் காலை வேளைகளில் எனக்கு யார் மேலும் பொறாமை இல்லை. ஏதோ பெரிய ஆள் ஆகிவிட்ட மாதிரி இருப்பேன்.

பிறகு பெயர்கள் உதிரத் தொடங்கின. கடைசி எழுத்துப் பெயர்கள் முதலில் போயின. கிரேஸும் கோமதியும் இடம் மாறினார்கள். ஒரு திங்கட்கிழமை “சித்ரா, செல்வராணி” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நடுவில் ஒன்றுமில்லை. தவறிவிட்டது, நாளைக்குச் சரியாகும் என்று நினைத்தேன். செவ்வாயும் அப்படித்தான், புதனும் அப்படித்தான். கூப்பிட்ட பெயர்களுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு சத்தமாவது இருந்தது. எனக்கு அதுகூட இல்லை.

அந்தச் சனிக்கிழமை செல்வராணி வந்திருந்தாள். நான் எதையும் சொல்லவில்லை. பின்சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். “சித்ரா, செல்வராணி” என்றாள் அம்மா. செல்வராணி பதில் சொல்லவில்லை. வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். அம்மா மறுபடி, கொஞ்சம் கண்டிப்பாக, “செல்வராணி” என்றாள். அவள் மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அம்மா நிறுத்துகிற நேரம் எவ்வளவோ அவ்வளவு நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து நின்று, “உள்ளேன் டீச்சர்” என்றாள்.

இப்போது வருகைப்பதிவே இல்லை. ஆறு மாதமாகிறது. செல்வராணியைப் பார்த்தாலும் அம்மாவுக்குச் சிரிப்பு வருவதில்லை. இந்த விஷயத்தில் நாங்கள் இரண்டு பேரும் சமமாகிவிட்டோம், எனக்கு அதில் சந்தோஷம் கிடைக்கும் என்று ஒரு காலத்தில் நினைத்திருக்கிறேன். இன்று காலை ஒன்பதேகாலுக்கு மாடியில் யாருமில்லை. திவ்யா இந்நேரம் வேப்பமரத்தடியில் நின்று முகங்களைப் பார்த்துப் பார்த்து டிக் போட்டுக்கொண்டிருப்பாள். நான் டைரியை அம்மா மடியில் விரித்து வைத்துவிட்டு, பின்சுவரோரம் என் இடத்தில் உட்கார்ந்தேன். அம்மா தலையைத் தூக்கினாள். வெகு நேரம் என்னைப் பார்த்தாள், அந்த மழைக்காலத்தில் பார்த்ததைவிட அதிக நேரம். நான் அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை.